சென்னை அட்ரஸ்களுக்கு ஒரு ஜியோகோடிங் சர்வீஸ்: கட்டுறது எப்படி, டெஸ்ட் பண்றது எப்படி

தெரிஞ்சவங்க ஒருத்தங்க மயிலாப்பூர்ல வீட்டுச் சாப்பாடு டெலிவரி பண்றாங்க, அவங்ககிட்ட 300 சொச்சம் அட்ரஸ் எக்செல்ல இருந்துச்சு, எல்லாத்தையும் மேப்ல போட்டுத் தர முடியுமான்னு கேட்டாங்க. நானும் பத்து வரி பைத்தான் எழுதி, ஒவ்வொரு அட்ரஸையும் அனுப்பி, வந்த முதல் பதிலை அப்படியே எடுத்து குடுத்துட்டேன். மறுநாள் மத்தியானம் அடையாறு காந்தி நகர் போக வேண்டிய பையன் ஊருக்கு அந்தப் பக்கம் இன்னொரு காந்தி நகர்ல போய் நின்னான், இங்க ஒரு வயசான அம்மா ரெண்டரை மணி வரைக்கும் சாப்பிடாம காத்திருந்தாங்க. அட்ரஸ் கிடைக்கலன்னு பதில் வந்திருந்தா ஒரு போன் போட்டு கேட்டிருப்போம், புள்ளி ஒன்னு வந்துட்டதால யாருக்கும் கேக்கணும்னே தோணல. அதுக்கப்புறம் உக்காந்து ஒழுங்கா கட்டின ஜியோகோடிங் சர்வீஸை, அதாவது அட்ரஸ் குடுத்தா மேப் புள்ளியை (அட்சரேகை, தீர்க்கரேகை) திருப்பித் தர்ற சர்வீஸைத்தான் இங்க எழுதறேன்.

தேவையானது கொஞ்சம்தான். பைத்தான்ல ஒரு புது வென்வ் (தனி சூழல்) போட்டு, பிப் வச்சு ஃபாஸ்ட்ஏபிஐ (சர்வீஸ் எழுத), யூவிகார்ன் (அதை ஓட்ட), ஹெச்டிடிபிஎக்ஸ் (வெளி சர்வரை கூப்பிட), பைடெஸ்ட் (டெஸ்ட் பண்ண) நாலையும் இன்ஸ்டால் பண்ணிக்கங்க. கேஷுக்கு, அதாவது ஒரு தடவை வந்த பதிலை சேத்து வைக்க, எஸ்க்யூலைட் போதும், அது பைத்தானோடயே வருது. இடத்தை தேடித் தர்ற வேலைக்கு யார் வேணா திருத்தக்கூடிய மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்போட டேட்டாவுல ஓடுற நாமினாட்டிம். அதோட பொது சர்வரை யாரும் யூஸ் பண்ணலாம், ஆனா விதிமுறை இருக்கு: ஒரு செகண்டுக்கு 1 ரிக்வெஸ்ட்டுக்கு மேல கூடாது, ரிக்வெஸ்ட்டோட போற யூசர் ஏஜென்ட்ங்கற அடையாள வரியில உங்க ஆப் பேரு தெளிவா இருக்கணும், டைப் பண்ணப் பண்ண காட்டுற ஆட்டோகம்ப்ளீட்டுக்கு அதை பயன்படுத்தக் கூடாது, மேப்ல ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு நன்றி போடணும். நன்கொடையில ஓடுற சர்வர், தயவு செஞ்சு மதிச்சு நடந்துக்கங்க.

இப்ப நிஜமான வேலைக்கு வருவோம், அது அட்ரஸை சுத்தம் பண்றது. நம்ம ஊரு அட்ரஸ் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், "நியூ நம்பர் 14, ஓல்ட் நம்பர் 7, முதல் மாடி, பிள்ளையார் கோவில் எதிர்ல"ன்னு ஆரம்பிச்சு தெரு பேரு வர்றதுக்குள்ள பாதி வரி ஓடிடும். சில பேரு அதையே 14/7ன்னு எழுதுவாங்க, சில பேரு 7/14ன்னு எழுதுவாங்க, எது புதுசு எது பழசுன்னு கண்டுபிடிக்க வழியே இல்ல. அதனால நான் கதவு எண்ணை தனியா பிரிச்சு ஒரு ஃபீல்டுல அப்படியே பத்திரமா வச்சிடறேன், தேடலுக்கு அனுப்பறதில்ல. சென்னையில வீட்டு நம்பர் வரைக்கும் மேப்ல ஏறியிருக்கிற இடங்கள் ரொம்ப கம்மி, அனுப்பினாலும் பெருசா பலன் இல்ல. எதிர்ல, பக்கத்துல, பின்னாடி, மாடி, ஃபிளாட் மாதிரி வார்த்தைகள் வர்ற துண்டையும் கமாவுக்கு கமா வெட்டி தனியா வச்சிடுங்க, தூக்கிப் போட்டுடாதீங்க, டெலிவரி பையனுக்கு கடைசி 100 மீட்டர்ல உதவப் போறது அதுதான்.

ஏரியா பேருக்கு ஒரு சின்ன அகராதி நீங்களே எழுதணும். தி.நகர், டி.நகர், தியாகராய நகர் மூணும் ஒன்னு, மயிலைன்னாலும் மயிலாப்பூர்னாலும் ஒன்னு, இங்கிலீஷ்ல எழுதினா ஒவ்வொன்னுக்கும் இன்னும் ரெண்டு ஸ்பெல்லிங் வரும். தமிழ்ல டைப் பண்ண அட்ரஸா இருந்தா யூனிகோடை என்எஃப்சிங்கற ஒரே சீரான வடிவத்துக்கு மாத்திடுங்க, ஏன்னா "கொ"ங்கற எழுத்தோட உயிர்க்குறி ஒரே குறியாவும் வரலாம், ஒற்றைக்கொம்பு கால்னு ரெண்டு குறியாவும் வரலாம், கண்ணுக்கு ஒன்னாத்தான் தெரியும் ஆனா கேஷ்ல ரெண்டு தனி அட்ரஸா உக்காந்துக்கும். நான் இதை ரொம்ப லேட்டாத்தான் கவனிச்சேன்.

பின்கோடுதான் நம்ம கையில இருக்கிற பெரிய பலம். தேடல்ல சேக்காம, வந்த பதிலை சரிபாக்க அதை வச்சுக்கங்க. முதல் மூணு இலக்கம் 600னா சென்னையும் சுத்துவட்டாரமும், 620 திருச்சி, 625 மதுரை. கே.கே.நகர் சென்னையிலயும் இருக்கு, மதுரையிலயும் இருக்கு, திருச்சியிலயும் இருக்கு. பின்கோடு 600078னு இருந்து பதில் மதுரைக்குள்ள விழுந்தா அந்த பதிலை வேணாம்னு தள்ளிடணும், அவ்வளவுதான்.

அடுத்து நாமினாட்டிமை கூப்பிடுறது. ரிக்வெஸ்ட்ல நாடு இந்தியான்னு குடுத்துடுங்க, வியூபாக்ஸ்ல சென்னையை சுத்தி ஒரு கட்டம் குடுங்க, பதில் வர்ற ஃபார்மட் ஜேசன்வி2, லிமிட் 5 (அஞ்சு பதில் வரைக்கும்). வியூபாக்ஸ்ல தீர்க்கரேகை முதல்ல, அட்சரேகை ரெண்டாவது, இது நிறைய பேரு தடுக்கி விழற இடம். தெருவும் ஏரியாவும் ஊரும் வச்சு முதல்ல தேடுங்க, கிடைக்கலன்னா தெருவை விட்டுட்டு ஏரியா மட்டும் தேடுங்க, அதுவும் இல்லன்னா நிறுத்திடுங்க. ஊர் பேரை மட்டும் வச்சு தேடி நகரத்தோட நடுப்புள்ளியை திருப்பி அனுப்பாதீங்க, அப்படி அனுப்பினா கிடைக்காத அட்ரஸ் எல்லாம் ஒரே புள்ளியில குவிஞ்சு கிடக்கும், பாக்கறவங்க அங்க ஏதோ கஸ்டமர் கூட்டம் இருக்குன்னு நினைச்சுக்குவாங்க.

பதில்ல பிளேஸ் ரேங்க்னு ஒரு எண் வரும். 30னா வீடு, கடை மாதிரி ஒரு தனி இடம், 26, 27னா தெரு, அதுக்கு கீழ போனா ஏரியா, ஊர்னு பெருசாகிட்டே போகும். இதை வச்சு உங்க சர்வீஸ் பதில்ல "துல்லியம்"னு ஒரு ஃபீல்டு கட்டாயம் வைங்க: இடம், தெரு, ஏரியா, தெரியல. இம்பார்டன்ஸ்னு இன்னொரு எண்ணும் வரும், அதைப் பாத்து நம்பிக்கை அளவுன்னு எடுத்துக்காதீங்க, அந்த இடம் எவ்வளவு பிரபலம்னு சொல்றதுதான் அதோட வேலை. அப்புறம் லாட் (அட்சரேகை), லான் (தீர்க்கரேகை) ரெண்டும் ஸ்ட்ரிங்கா (எழுத்தா) வரும், ஃப்ளோட்டா (தசம எண்ணா) மாத்திக்கங்க.

எண்ட்பாயின்ட்டை, அதாவது சர்வீஸை கூப்பிடுற முகவரியை, நான் போஸ்ட் முறையில வச்சிருக்கேன், கெட்ல இல்ல. கெட்ல வச்சா அட்ரஸ் யூஆர்எல்லயே போய் சர்வர் லாக்ல (பதிவு ஃபைல்ல) ஏறி உக்காந்துடும், அது ஒருத்தரோட வீடு, லாக்ல கிடக்க வேண்டிய விஷயம் இல்ல. இடம் கிடைக்கலன்னா 404, நாமினாட்டிம் பதிலே சொல்லலன்னா 503, ரெண்டையும் கலக்காதீங்க. 503 வந்ததை கேஷ்ல போடவே கூடாது, 404ஐ ஒரு வாரம் மட்டும் வைங்க, யாராவது அந்த தெருவை மேப்ல சேத்திருக்கலாம். ஒரு செகண்டுக்கு 1ங்கற கட்டுப்பாட்டை ஒரு பூட்டு (lock) போட்டு காப்பாத்தலாம், ஆனா யூவிகார்னை நாலு வொர்க்கரோட, அதாவது நாலு தனி ப்ராசஸா, ஓட்டினா நாலு பூட்டு ஆயிடும், அதனால ஒரே வொர்க்கர்ல ஓட்டுங்க.

யூவிகார்ன்ல ஓட விட்டா 8000 போர்ட்ல, /docs-ங்கற பக்கத்துல ஸ்வேகர், அதாவது பிரௌசர்லயே சர்வீஸை கூப்பிட்டுப் பாக்கற திரை, வந்துடும், கையால நாலு அட்ரஸ் போட்டு பாருங்க. அது டெஸ்ட் ஆகாது, சும்மா உயிர் இருக்கான்னு பாக்கறதுதான்.

டெஸ்ட்டை மூணா பிரிச்சுக்கங்க. சுத்தம் பண்ற ஃபங்ஷனுக்கு நெட்டே தேவையில்ல, பைடெஸ்ட்ல பாராமெட்ரைஸ் (ஒரே டெஸ்ட்டை பல உள்ளீட்டுக்கு ஓட்டறது) போட்டு உங்க எக்செல்ல இருக்கிற அலங்கோலமான அட்ரஸ் ஒரு 50ஐ அப்படியே உள்ள வைங்க, வீட்டு நம்பரை மட்டும் மாத்திடுங்க. ரெண்டாவது சர்வீஸ், இங்க ஃபாஸ்ட்ஏபிஐயோட டெஸ்ட் கிளையன்ட்டும் டிபென்டன்சி ஓவர்ரைடும் வச்சு நாமினாட்டிமுக்கு பதிலா ஒரு போலியை மாட்டிடுங்க. அந்த போலி வெறும் லிஸ்ட் குடுக்கட்டும், டைம் அவுட் ஆகட்டும், 429 (ரிக்வெஸ்ட் ரொம்ப அதிகம்) குடுக்கட்டும், கே.கே.நகர் கேட்டா மதுரை புள்ளியை குடுக்கட்டும், ஒவ்வொன்னுக்கும் உங்க சர்வீஸ் என்ன சொல்லுதுன்னு பாருங்க. அட்சரேகையும் தீர்க்கரேகையும் மாறி வர்ற ஒரு கேஸும் வைங்க: சென்னை 13.08, 80.27, அதை திருப்பிப் போட்டா நார்வேயோட ஸ்வால்பார்டு பக்கம் ஆர்க்டிக் கடல்ல விழும். அட்சரேகை 8க்கும் 13.6க்கும் நடுவுல, தீர்க்கரேகை 76க்கும் 80.5க்கும் நடுவுல இல்லன்னா நிராகரின்னு ஒரு வரி போட்டா தமிழ்நாட்டுக்கு போதும்.

மூணாவதுதான் முக்கியம், உண்மை பட்டியல். உங்களுக்கு நேர்ல தெரிஞ்ச 40 இடத்தை எடுங்க, வாசல்ல நின்னு போன்ல ஜிபிஎஸ் நிலையாகற வரைக்கும் காத்திருந்து புள்ளியை குறிச்சுக்கங்க. வேற ஒரு மேப்ல பாத்து காப்பி அடிச்சா அந்த மேப்போட தப்பும் சேந்து வரும். அப்புறம் சர்வீஸ் சொன்ன புள்ளிக்கும் உங்க புள்ளிக்கும் நடுவுல உருண்டை மேல தூரம் கணக்கிடற ஹாவர்சைன் ஃபார்முலாவுல தூரத்தை அளங்க, பூமியோட ஆரம் 6371 கிலோமீட்டர்னு வச்சு. ரெண்டும் அச்சு அசலா சமமான்னு பாக்காதீங்க, அது எப்பவும் ஃபெயில் ஆகும், தசமத்துக்கு அப்புறம் நாலாவது இலக்கமே 11 மீட்டர்தான். நான் வச்சிருக்கிற வரம்பு: "இடம்"னு சொன்னா 50 மீட்டர், "தெரு"ன்னா 300 மீட்டர், "ஏரியா"ன்னா 2 கிலோமீட்டர். சராசரியை பாக்காம மீடியனை (வரிசைப்படுத்தினா நடுவுல வர்ற மதிப்பை) பாருங்க, ஒரு அட்ரஸ் மதுரைக்கு போயிட்டா சராசரி மொத்தமா கெட்டுடும். ஆனா அந்த ஒரு அட்ரஸை விட்டுடாதீங்க, வரம்பை தாண்டின ஒவ்வொன்னையும் தனியா பிரிண்ட் பண்ணி உக்காந்து பாருங்க. இந்த டெஸ்ட் நிஜ சர்வரை தொடுறதால கோடு மாத்தி சேமிக்கற ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓட்டாம வாரத்துக்கு ஒரு தடவை கையால ஓட்டுங்க, 40 அட்ரஸுக்கு ஒரு நிமிஷம் பக்கத்துல ஆகும்.

அட்ரஸ் ஆயிரக்கணக்குல போச்சுன்னா பொது சர்வரை விட்டுடணும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டேட்டாவை பகுதி பகுதியா தர்ற ஜியோஃபாப்ரிக் தளத்துல இந்தியாவோட தெற்கு மண்டலத்துக்கு தனி ஃபைல் கிடைக்குது, டாக்கர்ல (சாஃப்ட்வேரை தனி கன்டெய்னர்ல ஓட்டற கருவி) சொந்தமா ஒரு நாமினாட்டிம் ஏத்தி அந்த ஃபைலை இம்போர்ட் பண்ணிக்கலாம், உங்க கோடுல மாறுறது யூஆர்எல் மட்டும்தான். அப்புறம் எத்தனை தடவை தேடினாலும் "தெரியல"ன்னு வர்ற தெருவை ஒரு பட்டியலா எடுத்து, நீங்களோ டெலிவரி பசங்களோ அந்தப் பக்கம் போறப்ப பேர்ப்பலகையை நேர்ல பாத்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் பேரை சேத்துடுங்க. நாங்க இதுவரைக்கும் 11 தெரு சேத்திருக்கோம், அதுல 9 இப்ப "தெரு"ன்னே பதில் வருது, மிச்ச ரெண்டுக்கும் பலகையில ஒரு பேரு, சனங்க சொல்ற பேரு ஒன்னு, அதை மாற்றுப் பேரா இந்த வாரம் ஏத்தணும்.