சில்க் போர்டு ஜங்ஷனில் இறங்கும் முன்: பெங்களூரில் புதிதாக பைக் ஓட்டுபவர்களுக்கு

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கமிருந்து வேலைக்கு வந்து, முதல் சம்பளங்களைச் சேர்த்து பைக் எடுத்திருக்கிறீர்களா? ஊரில் காலி ரோட்டில் பழகிய கை இங்கே செல்லாது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: எதிரே வருகிறவர் உங்களைப் பார்க்கவில்லை.

1. ஹெல்மெட். ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக வாங்கி, பட்டையை மாட்டுங்கள். கர்நாடகத்தில் பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம்.

2. பிரேக் பழக்கம். ஞாயிறு காலை ஏதாவது காலி இடத்துக்குப் போங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். "முன் பிரேக்கைத் தொடாதே, கவிழ்ந்துவிடும்" என்று ஊரில் சொல்லியிருப்பார்கள். பாதி உண்மை. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாயும். வண்டியை அதிகம் நிறுத்துவது முன் சக்கரம்தான். வெடுக்கென்று இழுத்தால்தான் ஆபத்து. எலுமிச்சம்பழம் பிழிவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் 2019 முதல் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் வசதி) உண்டு. ஆனாலும் பழகத்தான் வேண்டும்.

3. இடைவெளி. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் போகிறீர்கள். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் "ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு" என்று எண்ணுங்கள், சுமார் இரண்டு விநாடி ஆகும். எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் கம்பத்தைத் தொட்டால் நெருக்கம். அவுட்டர் ரிங் ரோட்டில் அந்த இடைவெளிக்குள் யாராவது நுழைவார், சந்தேகமே வேண்டாம். நுழையட்டும். ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி மறுபடி பின்வாங்குங்கள்.

4. பஸ், ஆட்டோ, கார் கதவு. பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. ஸ்டாப்பில் நிற்கும் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே சந்து தெரியும், ஆசைப்படாதீர்கள். அல்சூர் பக்கம் ஒருமுறை அப்படி நுழைந்தேன். இறங்கிய பாட்டியின் கூடை ஹேண்டிலில் மாட்டியது. இருவருக்கும் அடியில்லை, ஆனால் பாட்டி தமிழில் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

ஆட்டோவில் இண்டிகேட்டரை நம்பாதீர்கள், முன் சக்கரத்தைப் பாருங்கள். டிரைவர் காலை வெளியே நீட்டினால் அந்தப் பக்கம் திரும்பப்போகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஓரமாக நிற்கும் காருக்குள் தலை தெரிந்தால் கதவு திறக்கும் அளவு தள்ளிப் போங்கள். ரொம்ப இடது ஓரமும் வேண்டாம். ராங் சைடில் வரும் ஸ்கூட்டர்களின் பாதை அதுதான்.

5. சிக்னலில் நிற்கும்போது. முன் வண்டியின் பின் டயர் தரையைத் தொடும் இடம் தெரியும்படி நில்லுங்கள். பின்னால் ஒரு வண்டி வந்து நிற்கும்வரை முதல் கியரிலேயே, கண்ணாடியைப் பார்த்தபடி இருங்கள்.

6. மழை. முதல் பத்து நிமிடம்தான் மோசம். ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் குழைந்து வழுக்கும். வெள்ளைக் கோடு, சாக்கடையின் இரும்பு மூடி மேல் பிரேக் பிடிக்காதீர்கள். தேங்கிய தண்ணீருக்குள் குழி இருக்கிறது என்றே நினையுங்கள். மேம்பாலத்துக்கு அடியில் பாதி ரோட்டை அடைத்து ஒதுங்கி நிற்கிறார்களே, அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம். பின்னால் வருகிற லாரிக்காரருக்கு மழையில் கண்ணே தெரியாது. பெட்ரோல் பங்கோ டீக்கடையோ பார்த்து, ரோட்டை விட்டு முழுசாக உள்ளே போய் நில்லுங்கள்.