முகமூடியைப் பார்த்துக்கொண்டே கேட்காதீர்கள்

ராப் இசையில் கொஞ்சம் ஊறியவர்கள் எந்தத் தெரு வழியாகப் புறப்பட்டாலும் கடைசியில் நியூயார்க் ராப்பர் எம்.எஃப். டூம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். உலோக முகமூடி, இப்போதுதான் தூங்கி எழுந்தது போன்ற கரகரத்த குரல், எங்கே போய் முடியும் என்று ஊகிக்க முடியாத வரிகள். அப்புறம் 1999இல் வெளியான அவருடைய முதல் தனி ஆல்பம் ‘ஆபரேஷன்: டூம்ஸ்டே’யைத் தேடிப்பிடித்துக் கேட்கிறார்கள். கேட்ட சூட்டோடு எழுதவும் செய்கிறார்கள். அந்த எழுத்துகளில் ஒரே வகைத் தவறுகள் கைமாறிக் கைமாறி வருகின்றன. அவற்றில் பாதியை நானும் ஒரு காலத்தில் செய்தவன் என்பதால், கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

முதலில், டூம் போன்றவர்களின் ராப்புக்குச் சூட்டப்படும் ‘அண்டர்கிரவுண்ட்’ என்ற சொல்லை வலிந்து தமிழாக்காதீர்கள். ‘நிலத்தடி ராப்’ என்று படித்தால் ஆழ்துளைக் கிணறுதான் நினைவுக்கு வருகிறது. ‘தலைமறைவு ராப்’ என்றால் போலீஸ் தேடுகிறது என்று பொருள். இந்தச் சொல் சட்டத்தைப் பற்றியதும் அல்ல, பாணியைப் பற்றியதும் அல்ல. பணமும் விநியோகமும் எந்த வழியாக வருகின்றன என்பதைப் பற்றியது. பெரிய இசை நிறுவனத்தின் முன்பணம் கிடையாது, பகல் நேர வானொலி கிடையாது, பெரிய கடைகளின் அலமாரி கிடையாது. டூமின் ஆல்பத்தை வெளியிட்ட ஃபாண்டில் ’எம், பாபிட்டோ கார்சியா நடத்திய சிறு நிறுவனம். இந்த பாபிட்டோ, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வானொலியில் நள்ளிரவு தாண்டி ஒலிபரப்பான ஹிப் ஹாப் நிகழ்ச்சியை ஸ்ட்ரெட்ச் ஆம்ஸ்ட்ராங்குடன் சேர்ந்து நடத்தியவர். விடிய விடிய விழித்திருந்து கேசட்டில் பதிவு செய்துகொண்ட நியூயார்க் இளைஞர்கள்தான் ஃபாண்டில் ’எம் இசைத்தட்டுகளின் முதல் வாடிக்கையாளர்கள்.

அடுத்த தவறு இன்னும் பெரியது. டூமை 1999இன் புதுமுகம் என்று எழுதுவது. டேனியல் டூமிலே 1971இல் லண்டனில் பிறந்து, நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் வளர்ந்தவர். பதின்ம வயதிலேயே ‘ஸெவ் லவ் எக்ஸ்’ என்ற பெயரில் ராப் செய்தார். தம்பி சப்ராக் உடன் சேர்ந்து நடத்திய குழு கேஎம்டி. 1991இல் எலெக்ட்ரா என்ற பெரிய நிறுவனம் அவர்களுடைய ‘மிஸ்டர் ஹூட்’ ஆல்பத்தை வெளியிட்டது. குறும்பும் வெளிச்சமும் நிறைந்த ஆல்பம் அது. ஸெவ் லவ் எக்ஸ் காணொளிகளில் முகம் மறைக்காமல் சிரித்துக்கொண்டிருப்பார். 1993இல், இரண்டாவது ஆல்பம் முடியும் தறுவாயில், சப்ராக் கார் மோதி இறந்துபோனார். அண்ணன் அந்த ஆல்பத்தை முடித்துக் கொடுத்தார். எலெக்ட்ரா அதை வெளியிடாமல் குழுவையே கைகழுவியது.

கைகழுவியதற்குக் காரணமாக இருந்தது அட்டைப்படம். கறுப்பின மக்களைக் கேலி செய்ய அமெரிக்கா தலைமுறை தலைமுறையாக வரைந்துவந்த ‘சாம்போ’ உருவம், சிறுவர்கள் தாளில் விளையாடும் தூக்கு விளையாட்டில் தொங்குவது போன்ற ஓவியம். கேஎம்டி கேலிச்சித்திரத்தைத் தூக்கிலிட்டது, பார்த்தவர்களோ மனிதரைத் தூக்கிலிட்டதாகப் படித்துவிட்டார்கள். இன்றைக்கும் சிலர் இதை ‘சர்ச்சைக்குரிய இனவெறி ஓவியம்’ என்று ஒரே வரியில் கடந்துபோகிறார்கள். படம் வரைந்தவர்களின் கோபம் யார்மீது என்று பார்க்காமல் கடப்பது அந்த நாளைய நிறுவனம் செய்த அதே தவறுதான்.

ஆக, ‘ஆபரேஷன்: டூம்ஸ்டே’ ஒரு தொடக்கம் அல்ல, ஒருமுறை வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டவர் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது. இது தெரியாமல் கேட்டால் அதன் பாதிக் கசப்பு காதில் விழாது. மீதிப் பாதி வேடிக்கை. அதையும் மறந்துவிடாதீர்கள். அண்ணன் தம்பி சோகக்கதை தெரிந்தவுடன் சிலர் ஆல்பம் முழுவதையும் ஒப்பாரியாக்கிவிடுகிறார்கள். கார்ட்டூன் ராட்சசர்களும் அற்பச் சண்டைகளும் அசட்டு நகைச்சுவையும் நிறைந்த ஆல்பம் இது. ‘ரைம்ஸ் லைக் டைம்ஸ்’ பாடலின் முடிவில் பாபிட்டோவே வந்து வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டே போகிறார். துக்கவீட்டுக்கு வந்த முகத்தோடு அதைக் கேட்க முடியாது.

இப்போது முகமூடி. எல்லோரும் அதில்தான் வழுக்கி விழுகிறார்கள். மார்வெல் காமிக்ஸில் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ நாயகர்களின் பரம எதிரியாக 1962இல் அறிமுகமான டாக்டர் டூம் என்ற வில்லனிடமிருந்து வந்தது அது. அதற்கு முன், 1990களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் நியூயோரிக்கன் போயட்ஸ் கஃபே மேடையில், முகத்தில் பெண்களின் நைலான் காலுறையை மாட்டிக்கொண்டுதான் ராப் செய்தார். உலோகம் பிறகு வந்தது. ‘அடையாளத்தை மறைத்த மர்ம மனிதர்’ என்ற வாசகம் எழுதக் கை பரபரக்கும், எழுதாதீர்கள். ஆல்பத்தின் முதல் உரையாடல் துண்டு முடிந்து முதல் பாடல் தொடங்குகிறது. அதன் பல்லவியிலேயே தன் சொந்தக் குடும்பப் பெயரைச் சொல்லிவிடுகிறார். மறைக்க நினைப்பவர் இப்படியா செய்வார்? ராப்பில் ஒருவரின் தோற்றமும் நகையும் உடையும் பேசப்படும் அளவுக்கு ஒலி பேசப்படுவதில்லை என்பது அவருடைய புகார். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் செய்துவிட்டால் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. நாம் என்ன செய்தோம்? முகமூடியையே டி-சர்ட்டில் அச்சடித்து மாட்டிக்கொண்டோம்.

அந்தப் பல்லவியைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். டூமைக் கேட்பதில் அடிக்கடி நேரும் இன்னொரு பிழை அங்கே தெளிவாகும். வரியின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் காத்திருப்பதுதான் அந்தப் பிழை. நம் யாப்பில் மோனை அடியின் முதலெழுத்தில் நிற்கும், எதுகை இரண்டாம் எழுத்தில் நிற்கும், இயைபு அடியின் முடிவில் நிற்கும். சாதாரண ஆங்கில ராப் பெரும்பாலும் இயைபை நம்பிப் பிழைப்பது. டூமிடம் அது போதாது. ‘டூம்ஸ்டே’ பாடலின் பல்லவியில் தலைப்புச் சொல், கருப்பையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், கல்லறைக்கல் என்ன சொல்லும் என்ற தொடர், ‘டூமிலே’ என்ற குடும்பப் பெயர், அதை யார் சொல்வது என்ற கேள்வி ஆகியவை அசை அசையாக ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி விழுகின்றன. மூன்று அசைகள் மொத்தமாக ஒத்துப்போகின்றன. இடையில் தம்பி போன இடத்துக்கே தானும் திரும்பும்வரை என்று ஒரு குறிப்பு, குரலை உயர்த்தாமல், வந்துவிட்டுப் போகிறது. தமிழில் எழுதிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அழிவுக்கான ஆங்கிலச் சொல்லையும் கல்லறைக்கான ஆங்கிலச் சொல்லையும் நம் எழுத்தில் ஒரே மாதிரி ‘டூம்’ என்றுதான் எழுத முடியும். டூம் கேட்டிருந்தால் ரசித்திருப்பார்.

எழுத்து என்றதும் இன்னொன்று. தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது எல்லாமே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று பின்னாளில் ஒரு பாடலிலேயே கட்டளையிட்டவர் அவர். சிறிய எழுத்தில் எழுதினால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். தமிழில் பெரிய எழுத்தே கிடையாது. இந்த ஒரு தவறிலிருந்து நமக்குப் பிறவியிலேயே விடுதலை.

ஒலிப்பதிவைப் பற்றிப் பேசும்போது கவனம் தேவை. எனக்கு முதன்முதலில் கிடைத்த பிரதியில் யாரோ உரையாடல் துண்டுகளை எல்லாம் நீக்கியிருந்தார்கள். பழைய ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ கார்ட்டூனிலிருந்து எடுத்த குரல்கள் அவை. டாக்டர் டூமின் கதையைத் துண்டு துண்டாகச் சொல்லி, பாடல்களை ஒரு வில்லனின் வரலாறாகக் கோத்துத் தருபவை. அவை இல்லாமல் கேட்டதால் நான் அதை வெறும் பாடல் தொகுப்பு என்று நினைத்தேன். போதாக்குறைக்கு, எம்.எஃப். கிரிம் என்ற இன்னொரு ராப்பருடன் டூம் சேர்ந்து செய்த ‘டிக், டிக்...’ பாடல் வந்ததும் கோப்பு பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். தாளம் மெல்ல வேகமெடுக்கிறது, பிறகு தொய்கிறது, மறுபடி ஓடுகிறது. பழுது ஒன்றும் இல்லை. அது அப்படித்தான் செய்யப்பட்டது. இரண்டு பேரும் அந்த நகரும் தரையில் கால் இடறாமல் நடந்துபோகிறார்கள். நான்தான் இரண்டு முறை வேறு பிரதி தேடி அலைந்தேன்.

ஆல்பம் முழுக்கவே மெருகேற்றாத வீட்டுத் தயாரிப்பின் மணம் உண்டு. சில இடங்களில் குரல் பின்னணியில் புதைந்துவிடும். அதற்காக ‘தரம் குறைந்தது’ என்று ஒதுக்குவதும் தவறு, ஒவ்வொரு கரகரப்பையும் ‘திட்டமிட்ட கலை’ என்று கும்பிடுவதும் தவறு. பணம் இல்லாதது ஒரு காரணம், ரசனை இன்னொரு காரணம். இரண்டும் கலந்தே இருக்கின்றன. ரசனை எங்கே தெரிகிறது என்றால் சாம்பிள்களில், அதாவது பழைய பாடல்களிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளில் தெரிகிறது. தூசி படிந்த, யாருக்கும் தெரியாத ஜாஸ் தட்டைக் கண்டுபிடித்து வெட்டி ஒட்டுவது அந்த வட்டாரத்தில் கௌரவமாக இருந்த காலம். இவரோ எல்லோர் வீட்டு வானொலியிலும் வழிந்த மென்மையான காதல் பாடல்களை எடுத்தார். ‘டூம்ஸ்டே’க்கு அடியில் ஓடுவது ஷாடேயின் ‘கிஸ் ஆஃப் லைஃப்’. ‘ரைம்ஸ் லைக் டைம்ஸ்’ பாடலில் குயின்சி ஜோன்ஸ் தயாரித்து ஜேம்ஸ் இங்ராம் பாடிய ‘ஒன் ஹண்ட்ரட் வேஸ்’. கல்யாண வீட்டு இசை மேல் வில்லன் நின்று பேசுகிறான். அந்தப் பொருத்தமின்மைதான் ருசி. பெரும்பாலான பாடல்களை அவரே தயாரித்தார். ராப் செய்யும்போது ‘உலோக முகம்’, இசையமைக்கும்போது ‘உலோக விரல்கள்’ என்று எம்.எஃப். என்ற இரண்டு எழுத்துக்கு இரண்டு விரிவு வைத்துக்கொண்டார்.

பெயர்களில் குழம்பாதீர்கள். ‘ரெட் அண்ட் கோல்ட்’ பாடலில் விருந்தினராகப் போட்டிருக்கும் கிங் கிட்ரா வேறு யாரும் அல்ல. காட்ஸில்லா படங்களின் மூன்று தலை ராட்சசன் பெயரில் வரும் இவரேதான். விக்டர் வான் என்பதும் இவர்தான். பின்னாளில் வந்த ‘மேட்வில்லனி’யை இவருடைய தனி ஆல்பம் என்று எழுதுபவர்கள், அதைச் சேர்ந்து செய்த இசைத் தயாரிப்பாளர் மேட்லிப் என்ற இன்னொரு மேதைக்கு அநியாயம் செய்கிறார்கள்.

வரவேற்பைப் பற்றிய பிழைக்கு வருகிறேன். இதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, ஆல்பம் வந்தபோது யாரும் சீந்தவில்லை, தோல்வி என்கிறது. இன்னொரு கட்சி, வந்த அன்றே காவியம் என்று கொண்டாடினார்கள் என்கிறது. எமினெமின் ‘த ஸ்லிம் ஷேடி எல்பி’, டாக்டர் டிரேயின் ‘2001’ எல்லாம் லட்சக்கணக்கில் விற்ற ஆண்டு அது. அந்தச் சந்தையின் கணக்கேட்டில் டூமின் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஆனால் அந்தக் கடையில் அவர் சரக்கே இறக்கவில்லை. பிறகு விற்கவில்லை என்று எப்படிச் சொல்வது? 1997 முதலே ஃபாண்டில் ’எம் இவருடைய பாடல்களைத் தனித்தனி 12 அங்குலத் தட்டுகளாக வெளியிட்டுவந்தது. தட்டு வாங்கும் சிறு கூட்டத்துக்கு ஆல்பத்தின் சில பாடல்கள் ஏற்கெனவே மனப்பாடம். அவர்களுக்கு இது அதிர்ச்சியும் அல்ல, கண்டுபிடிப்பும் அல்ல. காத்திருந்த தபால் வந்து சேர்ந்தது போலத்தான்.

அந்தக் கூட்டத்துக்கு வெளியே பேச்சு பரவியபோது தட்டு கடையில் இல்லை. ஃபாண்டில் ’எம் 2001இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் இன்னொரு சிறு நிறுவனம் மறுவெளியீடு செய்தது. பிறகு 2003 நடுவிலிருந்து 2004 இறுதிக்குள், ஒன்றரை ஆண்டில், வெவ்வேறு பெயர்களில் ஐந்து ஆல்பங்கள் வந்து குவிந்தன. ‘மேட்வில்லனி’யைக் கேட்டு மயங்கியவர்கள்தான் பின்னோக்கி நடந்து 1999க்குப் போய்ச் சேர்ந்தார்கள். 2011இல் அதே ஆல்பம் தகர டிபன் பாக்ஸில் அடைத்த சிறப்புப் பதிப்பாக வந்தது. சேகரிப்பாளர்கள் அடித்துப்பிடித்து வாங்கினார்கள். இன்று நாம் படிக்கும் புகழுரைகளில் பெரும்பகுதி இந்தப் பின்னோக்கிய நடையில் எழுதப்பட்டது. 2020 டிசம்பர் 31 அன்று, அவர் இரண்டு மாதம் முன்பே, அக்டோபர் 31 அன்று, 49 வயதில் இறந்துவிட்ட செய்தியைக் குடும்பத்தார் வெளியிட்ட பிறகு எழுதப்பட்டவை இன்னொரு அடுக்கு. அவற்றைப் படியுங்கள்; 1999இன் சாட்சியமாக மட்டும் எடுத்தாளாதீர்கள்.

கடைசியாக ஒரு சிறு திருத்தம். பல குறிப்புகளில் சப்ராக்கை இரட்டைச் சகோதரர் என்று எழுதியிருக்கிறார்கள். அவர் தம்பி; இரட்டையர் அல்லர். இந்தப் பிழைக்குக் காரணம் டூமேதான். வெறும் கேள்விக்குறியைத் தலைப்பாகக் கொண்ட ஒரு பாடல் ஆல்பத்தில் உண்டு. கியூரியஸ் என்ற ராப்பருடன் செய்தது. அதில் வில்லன் வேடம் சட்டென்று கழன்றுவிடுகிறது. தன் ‘இரட்டை’யை நேரில் நிறுத்திப் பேசுவதுபோல் பேசுகிறார்: சேர்ந்து தொழுதது, சேர்ந்து தோல் ஜாக்கெட் வாங்கியது, யார் என்ன காலணி போட்டிருந்தோம் என்பது. மூன்று விரலில் ஒன்றாக மாட்டும் மோதிரம், அதில் ‘சப்ராக்’ என்ற பெயர், அந்தப் பெயரின் ‘ஓ’ எழுத்துக்குள் ஒரு மாணிக்கக் கல். கையில் வெட்டரிவாளோடு தம்பி நிற்கும் புகைப்படம் ஒன்றைத் தான் வைத்திருப்பதாகச் சொல்கிறார். அப்புறம், எல்லாம் போட்ட திட்டப்படியே நடக்கிறது என்று தம்பிக்குத் தகவல் சொல்கிறார்.