டகோமாவை உயர்த்தும் முன் டேப்பை எடுங்கள்

கொலராடோவில் யூரே என்ற சிற்றூரில் இருந்து டெல்லுரைடுக்கு மலைமேல் போகும் ஒரு கரடுமுரடான பாதை உண்டு. இமோஜீன் கணவாய் என்பார்கள். உச்சி 13,114 அடி. கோடையில் பனி விலகிய பிறகுதான் வண்டி போக முடியும். என் 2017 டொயோட்டா டகோமா பிக்கப்பைக் கம்பெனியில் இருந்து வந்த உயரத்திலேயே அங்கே ஏற்றினேன். அடியில் இருக்கும் காப்புத் தகடு பாறைக்குப் பாறை உரசிய சத்தம் டென்வர் வந்து சேரும்வரை காதிலேயே இருந்தது.

அந்த வாரமே லிஃப்ட் கிட், அதாவது வண்டியை உயர்த்தும் பாகங்களின் தொகுப்பு, வாங்கினேன். அவசரத்தில் வாங்கியது, தப்பாகப் போனது. அடுத்த வருடம் கணக்குப் போட்டு வேறு வாங்கி நானே மாட்டினேன். நான்கு வருடமாக அதுதான் ஓடுகிறது. டகோமா வாங்கும் நண்பர்கள் எல்லாரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை இஞ்ச் தூக்கலாம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது "வண்டியில் எவ்வளவு எடை இருக்கும்? என்ன டயர் போடப் போகிறீர்கள்?" இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் இஞ்ச் தானாக வந்துவிடும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். லிஃப்ட் கிட் தூக்குவது சேஸையும் பாடியையும்தான். பின்பக்க ஆக்சிலும் அதன் நடுவில் தொங்கும், இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் உருண்டையும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தரையில் இருந்து உயர்த்துவது டயர் மட்டுமே. என் வண்டிக்கு வந்த 265/70R16 டயரின் விட்டம் சுமார் 30.6 இஞ்ச். 17 இஞ்ச் ரிம்மில் 285/70R17 போட்டால் 32.7. வித்தியாசத்தில் பாதி, அதாவது ஏறக்குறைய ஒரு இஞ்ச், ஆக்சிலுக்குக் கிடைக்கும். பெரிய டயர் உரசாமல் சுற்ற இடம் வேண்டும், லிஃப்டின் முக்கியமான வேலையே அதுதான். டயர் பெரிதானால் ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும்: முள் 60 மைலில் நிற்கும்போது வண்டி 64-இல் போய்க்கொண்டிருக்கும்.

இப்போது நான் செய்த தப்பு. விலை மலிவு என்று முன்பக்கம் 3 இஞ்ச் தூக்கும் ஸ்பேசரை வாங்கினேன். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த அமைப்பின் தலைக்கு மேல் வைக்கும் வெறும் வட்டக் கட்டை அது. கட்டையின் தடிமன் ஒன்றரை இஞ்ச்தான் இருக்கும். அந்த அமைப்பு கீழ்க் கையின் (சக்கரத்தைச் சேஸோடு இணைக்கும் கீழ்ப்பக்க இரும்புக் கை) நடுவில் உட்கார்ந்திருப்பதால் சக்கரத்தில் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத் தெரியும். பழைய ஸ்பிரிங், பழைய ஷாக், எதுவும் மாறவில்லை. ஆனால் சக்கரம் முன்பைவிடக் கீழே தொங்குகிறது. டிஃபரென்ஷியலில் இருந்து சக்கரத்துக்குப் போகும் சிவி ஆக்சில் செங்குத்தாக மடங்குகிறது, அதன் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. எட்டாவது மாதம் சக்கரத்தைக் கழற்றினால் ரிம்மின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு கிரீஸ், சாட்டையால் அடித்த மாதிரி கோடு கோடாக. உறையின் மடிப்பில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். உள்ளே மணல் புகுந்து ஆக்சிலே போய்விட்டது.

அதனால் என் தீர்மானமான கருத்து: உயரத்துக்கென்று தனியாகக் காசு கொடுக்காதீர்கள். நல்ல ஸ்பிரிங்குக்கும் ஷாக்குக்கும் கொடுங்கள். முன்பக்கம் இரண்டு முதல் இரண்டரை இஞ்ச் போதும். அதற்குமேல் போனால் மேல் கைகளையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், கணக்கில் வராது. முன் ஸ்பிரிங்கை எடை பார்த்து வாங்குங்கள். இரும்பு பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிவட உருளை) இருந்தால் கனமான ஸ்பிரிங். எதுவும் இல்லாத வண்டிக்கு அதையே போட்டால் நெடுஞ்சாலையில் குதிரை மாதிரி குதிக்கும். பின்னால் சுமை ஏற்றுகிறவர்கள் முன்னையும் பின்னையும் ஒரே மட்டமாக்க ஆசைப்பட வேண்டாம். கம்பெனி பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பதே சுமை ஏறினால் மட்டமாகட்டும் என்றுதான்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் இதைத்தான் முதலில் பிடிப்பார்கள். அமெரிக்காவிலும் மாநிலத்துக்கு மாநிலம் உயர வரம்பு மாறும். பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சரி, மாட்டும் வேலைக்கு வருவோம்.

மூன்று நாள் முன்பே எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்கும் ஆயில் அடியுங்கள், தினமும். பிறகு சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் நடு மையத்தில் இருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். தரையில் இருந்து அளக்காதீர்கள், காற்று குறைந்தால் அளவு மாறும். என் வண்டியில் இடப்பக்கம் 19⅞, வலப்பக்கம் 20¼. டகோமாவில் இது சகஜம். பெட்ரோல் டேங்கும் டிரைவரும் இடப்பக்கம் என்பதால் அந்தப் பக்கம் சற்றே சாய்ந்திருக்கும். இடப்பக்கம் மட்டும் கால் இஞ்ச் தடிமனில் ஒரு வளையம் சேர்த்தால் மட்டமாகிவிடும்.

ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் நீங்களே கோக்க வேண்டாம். அழுத்தி வைத்த ஸ்பிரிங் கை தவறினால் ஆளையே கொல்லும். கோத்து வந்ததை வாங்குங்கள், இல்லையென்றால் கடையில் கொடுத்துக் கோத்துக்கொள்ளுங்கள்.

பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சேஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி ஒரு நிமிடம்கூடக் கையை உள்ளே விடாதீர்கள். வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்வே பார் கம்பியின் இணைப்பை இரண்டு பக்கமும் கழற்றுங்கள். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் பிடித்திருக்கும் கிளிப்பை எடுங்கள். கீழ்க் கையைச் சக்கரக் குடத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டின் இரண்டு போல்ட்டையும் எடுத்தால் கீழ்க் கை இறங்கிவிடும். சக்கரக் குடத்தை உடனே கயிற்றால் மேலே கட்டுங்கள். அது பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது, வெளிப்பக்கம் சாயவும் கூடாது. சாய்ந்தால் சிவி ஆக்சில் உள்பக்கம் கழன்றுகொள்ளும். அப்புறம் மேலே மூன்று நட்டு, கீழே ஒரு போல்ட், பழையது கையோடு வந்துவிடும். புதியதை ஏற்றும்போது நண்பர் ஒருவர் கீழ்க் கையைக் கடப்பாறையால் அழுத்திப் பிடித்தால் பத்து நிமிட வேலை.

பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங், வளைந்த இரும்புப் பட்டைகளின் அடுக்கு. பட்டைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் நடு போல்ட்டைக் கழற்றும் முன் இரு பக்கமும் சி கிளாம்ப் போடுங்கள். அடுக்கை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட் புதிதாகத்தான் போட வேண்டும், பழையது ஏற்கெனவே இழுபட்டிருக்கும். குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். வண்டி கிளம்பும்போது மட்டும் அதிர்ந்தால் டிரைவ் ஷாஃப்டின் நடு பேரிங்கைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும்.

இனி சொல்வதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கீழ்க் கையிலும் லீஃப் ஸ்பிரிங்கிலும் உள்ள புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர் வளையம்) போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. புஷ்ஷின் ரப்பர் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டியிருக்கும். தொங்கும்போது முறுக்கினால் வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் திருகியபடியே இருக்கும், சில மாதத்தில் கிழிந்துவிடும். கையால் இறுக்கி, வண்டியை இறக்கி, நான்கு முறை குலுக்கி, எடை முழுக்க இறங்கிய பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். சக்கர நட்டு 83 ஃபுட் பவுண்டு.

அன்றைக்கே அலைன்மென்ட்டுக்குப் போங்கள். என் வண்டி ஒஹாயோவில் ஓடியது, அங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்கள். அலைன்மென்ட்டைச் சரிசெய்யத் திருப்பும் கீழ்க் கையின் கேம் போல்ட் புஷ் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிக் கிடந்தது. கடைக்காரர் சுத்தி, நெருப்பு எல்லாம் பார்த்துவிட்டு ரம்பத்தால் அறுத்துதான் எடுத்தார். பனி ஊர் வண்டி என்றால் வேலைக்கு முன்பே அந்த போல்ட் திரும்புகிறதா என்று பாருங்கள்.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, முன்னும் பின்னும் ஓட்டி டயர் உரசுகிறதா பாருங்கள். 285 டயர் பெரும்பாலும் சக்கரக் கூட்டின் பின்பக்க பிளாஸ்டிக்கில் உரசும், அதை வெட்டியாக வேண்டும். இரவில் ஒரு சுவருக்கு முன் நிறுத்தி ஹெட்லைட் வெளிச்சம் கீழே விழும்படி சரிசெய்யுங்கள். 2018 மாடல் முதல் டகோமாவில் முன்னால் பார்க்கும் கேமராவும் ரேடாரும் உண்டு, அவற்றையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

முதல் 100 மைலிலும் மறுபடி 500 மைலிலும் யூ போல்ட்டை முறுக்குங்கள். புது ஸ்பிரிங் கொஞ்சம் அமரும். அப்போது அதே டேப்பால் அதே நான்கு இடத்தில் அளந்து முதல் அளவுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். என் தாளில் இடம் 22, வலம் 22⅛. க்ளவ் பாக்ஸில்தான் இருக்கிறது, ஒவ்வொரு ஜூலையும் மலைக்குக் கிளம்பும் முன் ஒருமுறை அளந்து பார்ப்பேன்.