மலிவு ஸ்பேனர் வாங்கினால் பிரேக் பைப்புக்குச் செலவு

புதிதாக வீட்டில் கார் வேலை பார்ப்பவர்கள் முதலில் வாங்குவது நூறு துண்டுக்கு மேல் இருக்கும் மலிவு டூல் செட். அதில் பாதி பிட்டுகளை எடுக்கவே மாட்டார்கள். ஜப்பானிய, கொரியக் கார்களுக்கு 10, 12, 14, 17, 19 மி.மீ. அளவுகளில் நல்ல ஆறு முனை சாக்கெட் (நட்டின் மேல் மூடி உட்காரும் குழல்) இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். ஐரோப்பியக் காருக்கு 13, 16 சேர்த்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டை மாட்டித் திருப்பும் கைப்பிடியான ராட்செட் 72 பல்லாக இருக்கட்டும். 5 டிகிரி அசைத்தாலே அடுத்த பல் பிடிக்கும்.

பிரேக் பைப் நட்டில் சாதா ஸ்பேனர்

இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. நட் பெரும்பாலும் 10 அல்லது 11 மி.மீ. நடுவில் பைப் போவதால் சாக்கெட் ஏறாது. வாய் திறந்த ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும். மலிவு இரும்பில் வாய் விரியும், நட்டின் முனைகள் மழுங்கும். உடனே இறுகப் பூட்டிக்கொள்ளும் குறடான வைஸ் கிரிப்பைப் போடுவார்கள். அது நட்டைப் பைப்போடு சேர்த்து நசுக்கும். பைப்பும் முறுக்கிக்கொண்டு விரிசல் விடும். பிறகு பைப்பையே மாற்றி, பிரேக் லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) யூனிட்டுக்குள் காற்று புகுந்தால் பல கார்களில் காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனரும் தேவைப்படும்.

வேண்டியது ஃப்ளேர் நட் ஸ்பேனர். பைப் நுழைய ஒரு வெட்டு விட்ட வளையம் அது. ஐந்து முனைகளைப் பிடிக்கும். அதிலும் மலிவு வாங்கினால் வெட்டு விட்ட இடத்தில் விரிந்துவிடும். வளையம் தடிமனாக, நட்டில் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துரு இளக்கும் ஆயிலை விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். முதலில் இம்மியளவு இறுக்கிப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். நட்டோடு பைப்பும் திரும்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஜாக் ஸ்டாண்ட்

ஜாக்கால் தூக்கிய காரைத் தாங்கி நிறுத்தும் ஸ்டாண்ட் இது. எடைத்திறன் குறிப்பிடாததை வாங்கவே வாங்காதீர்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காரடியில் போகாதீர்கள்.

ஒரே டார்க் ரெஞ்ச்

டார்க் ரெஞ்ச் என்பது குறித்த முறுக்கு விசைக்கு இறுக்க உதவும் ஸ்பேனர். வீல் நட்டுக்கு வாங்கிய 200 நியூட்டன் மீட்டர் ரெஞ்சால் 20, 25 கேட்கும் ஸ்பார்க் பிளக்கை இறுக்கக் கூடாது. அளவுகோலின் அடிப்பகுதியில் துல்லியம் குறைவு. அளவு எட்டியதும் வரும் கிளிக் தெரியாமல் தாண்டினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். சிறியது ஒன்று தனியாக வேண்டும். கிளிக் வகையை வேலை முடிந்ததும் அதன் குறைந்தபட்ச அளவுக்குத் தளர்த்தி வையுங்கள்.

இம்பாக்ட் கன்னில் குரோம் சாக்கெட்

இம்பாக்ட் கன் நட்டைத் தட்டித் தட்டிச் சுழற்றும் கருவி. அதில் குரோம் சாக்கெட் வெடித்துச் சிதறும். கறுப்பு இம்பாக்ட் சாக்கெட் மட்டும்.

மலிவில் வாங்கலாம்

ஆயில் ட்ரே, புனல், காந்தத் தட்டு, கம்பி பிரஷ், டிரிம் (காரின் உள்பக்க மூடிகள்) கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல்.