சதுப்பு நிலத்தில் மரப்பலகை நடைபாதை அமைத்தல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

இயற்கைப் பூங்காவில் மரப்பலகை நடைபாதை அமைக்கப் புறப்படுவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த மரத்தை வாங்குவது என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு நான் இரண்டாம் இடமே தருவேன். தண்ணீர் தங்கும் இணைப்பு என்றால் தேக்கு மரமும் காலப்போக்கில் இற்றுப்போகும். மழைக்குப் பின் விரைவாக உலரும் இணைப்பு என்றால் நடுத்தர உறுதியுள்ள மரமும் நெடுங்காலம் உழைக்கும். எனவே இவ்விளக்கத்தில் மரத்தின் பெயரைவிட, மரமும் மரமும் சேரும் இடங்களைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன்.

ஈரநிலங்களிலும் வெள்ளம் வந்து வடியும் காட்டுப் பகுதிகளிலும், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள் அமையும் பாதைகளுக்கு மட்டுமே இது பொருந்தும். அதற்கு மேல் உயர்ந்தால் கைப்பிடிச் சுவரும் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கும் கட்டாயம் தேவை. நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி பெற்றுவிட்டீர்கள் என்றும், மூலமட்டம், ரசமட்டம் ஆகியவற்றைக் கையாளத் தெரியும் என்றும் எடுத்துக்கொள்கிறேன்.

மரம் எங்கே இற்றுப்போகிறது

மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் ஒருசேர வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அது வளராது. மரம் எந்நேரமும் நீருக்குள் மூழ்கிக் கிடந்தாலும் காற்றின்றி வளராது. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் கி.மு. 3807 அல்லது 3806-இல் நாணல் சதுப்பின் மீது போடப்பட்ட ‘ஸ்வீட் டிராக்’ என்னும் பலகைப் பாதையின் மரங்கள் இன்றளவும் எஞ்சியிருப்பதற்கு, நீர் நிறைந்த பீட் மண்ணுக்குள் (பாதி மக்கிய தாவரங்களாலான சதுப்பு மண்) அவை காற்றுப்படாமல் புதைந்து கிடந்ததே காரணம். ஆகவே, ஆபத்து தண்ணீருக்கு அடியிலோ உலர்ந்த மேற்புறத்திலோ இல்லை. தூண் மண்ணைவிட்டு வெளியே வரும் அந்த ஒரு சாண் பகுதியிலும், ஒரு சட்டத்தின் மேல் இன்னொரு சட்டம் ஒட்டிக் கிடக்கும் பரப்பிலும்தான் இருக்கிறது.

படி 1: தடம் குறித்தல்

மழைக்காலத்தில் ஒருமுறை நடந்து, மரத்தண்டுகளில் படிந்த சேற்றுக்கோட்டைப் பார்த்து, வெள்ளம் எட்டிய உச்ச மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரும்புக் கம்பியைத் தூண் வரக்கூடிய ஒவ்வோர் இடத்திலும் குத்தி, கெட்டியான மண் எந்த ஆழத்தில் தட்டுப்படுகிறது என்று எழுதிவையுங்கள். மட்டத்தைக் கடத்துவதற்கு லேசர் கருவியைவிடத் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலையே நான் விரும்புகிறேன். புதரும் மரமும் குறுக்கே நின்றாலும் அது தவறாது, மின்கலமும் கேட்காது.

சக்கர நாற்காலிகளும் வரவேண்டுமென்றால் அகலம் 1.5 மீட்டர் வையுங்கள். ஏற்றம் 20-க்கு 1 என்ற அளவைத் தாண்ட வேண்டாம். பெரிய மரங்களின் அருகே தூண் தவிர்க்க முடியாததானால் கையால் மட்டுமே தோண்டி, வேர் தென்பட்டால் தூணை நகர்த்துங்கள். மரத்தண்டைச் சுற்றிப் பலகையை வெட்டும்போது அது இனிப் பருக்கும் என்பதை நினைத்துத் தாராளமாக இடைவெளி விடுங்கள்.

படி 2: தூண்கள்

என் விருப்பம், துத்தநாகத்தில் முக்கிப் பூச்சிட்ட எஃகுத் திருகுத்தூண், அதாவது சுருள்தட்டு பொருத்தி, திருகாணிபோல் மண்ணுக்குள் திருகி இறக்கும் தூண். குழி தோண்ட வேண்டியதில்லை, சேறு வெளியேறுவதில்லை, திருகும்போது உணரும் முறுக்குவிசையைக் கொண்டே தூணின் தாங்குதிறனை மதிப்பிடலாம், பாதையை ஒருநாள் அகற்ற நேர்ந்தால் எதிர்த்திசையில் திருகி எடுத்துவிடலாம். கான்கிரீட்டை ஈரநிலத்தில் நான் பரிந்துரைப்பதில்லை. இறுகாத சிமெண்டின் கசிவு நீரின் காரத்தன்மையை உயர்த்தி மீன்களைக் கொல்லும். மரத்தூண்தான் கிடைக்கும் என்றால் வைரக்கட்டையை, அதாவது மரத்தின் நடுவிலுள்ள கெட்டியான பகுதியை மட்டும் எடுங்கள். எவ்வளவு உயர்ந்த மரமானாலும் அதன் வெளிப்புறச் சாற்றுக்கட்டை பூஞ்சையைத் தாங்காது.

படி 3: மேலே தூக்கும் விசை

தொடக்கநிலையினர் அனைவரும் பாதை மண்ணில் அமிழ்ந்துவிடுமோ என்றே அஞ்சுகிறார்கள். மக்கள் நெருக்கமாக நின்றால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 கிலோ என்று கீழ்நோக்கிய சுமையைக் கணக்கிட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் வெள்ளம் பலகையைத் தொட்டதும் கணக்கு தலைகீழாகிறது. மரம் மிதக்கும் பொருள். நீரில் மூழ்கும் பாதை தன் தூண்களிலிருந்து பிய்த்துக்கொண்டு மேலே வரப் பார்க்கும்.

இதைக் காகிதத்திலேயே சரிபார்க்கலாம். இரு தூண் வரிசைகளுக்கு இடையே 3 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கண்டத்தை எடுத்துக்கொள்வோம். 50 மி.மீ. தடிமனுள்ள பலகைகள், இடைவெளிகளைக் கழித்தால், சுமார் 0.21 கன மீட்டர் வரும். பலகைகளைத் தாங்கி நீளவாக்கில் செல்லும், 50-க்கு 200 மி.மீ. அளவுள்ள மூன்று நெடுஞ்சட்டங்கள் 0.09 கன மீட்டர். மொத்தம் 0.30 கன மீட்டர். கன மீட்டருக்கு 600 கிலோ எடையுள்ள மரமானால், முழுதும் மூழ்கியதும் ஒவ்வொரு கன மீட்டரும் 400 கிலோ விசையுடன் மேலே உந்தும். அதாவது இந்த ஒரு கண்டம் மட்டும் சுமார் 120 கிலோ விசையுடன் எழும்பும். ஓடும் நீரின் தள்ளுதலும், மோதி நிற்கும் கிளைகளும் இதற்கு மேல்.

ஆகவே மூன்று இணைப்புகளையும் மேல்நோக்கிய விசைக்கும் சோதியுங்கள்: தூணும் மண்ணும், தூணும் அதன் தலையில் பாதைக்குக் குறுக்காகக் கிடக்கும் குறுக்கு விட்டமும், விட்டமும் அதன் மேல் வரும் நெடுஞ்சட்டமும். திருகுத்தூணின் சுருள்தட்டு மண்ணைக் கவ்விப் பிடிப்பதால் முதல் இணைப்பு எளிதில் தேறிவிடுகிறது. குறுக்கு விட்டத்தைத் தூணின் தலைத்தட்டோடு ஊடுருவும் போல்ட்டால் பிணையுங்கள். நெடுஞ்சட்டத்தை விட்டத்தோடு எஃகுக் கோணத்தகட்டால் பிணையுங்கள். மேலிருந்து அடித்த ஆணி இவ்விரண்டுக்கும் போதாது. இழுவிசைக்கு ஆணி எளிதில் கழன்றுவிடும். அதுவும் நனைந்து உலர்ந்து நனைந்து உலரும் மரத்தில் அதன் பிடி ஆண்டுக்காண்டு தளரும்.

படி 4: சட்டங்கள்

குறுக்கு விட்டத்தின் மீது நெடுஞ்சட்டங்களை 600 மி.மீ. இடைவெளிக்கு மிகாமல் வையுங்கள். மேல்பலகை 38 மி.மீ. தடிமன்தான் என்றால் இடைவெளி 400 மி.மீ.-ஐத் தாண்ட வேண்டாம். விட்டங்களை ஒரே உயரத்தில் நிறுத்த மரத்துண்டுகளை அடுக்கி ஆப்பு வைக்காதீர்கள், ஒவ்வொரு துண்டும் தண்ணீர் தங்கும் ஒரு புது இடுக்கு.

ஒவ்வொரு நெடுஞ்சட்டத்தின் மேல்விளிம்பிலும் பியூட்டைல் நாடாவை (நீர் புகாத, ரப்பர் போன்ற ஒட்டுநாடா) ஒட்டி, அது இருபுறமும் சற்றே வழிந்து நிற்குமாறு மடக்கிவிடுங்கள். பலகை இடைவெளியில் இறங்கும் நீர் சட்டத்தின் தலையில் நிற்காமல் பக்கவாட்டில் வடியும். திருகாணித் துளைகளையும் நாடா இறுக்கிக்கொள்ளும். இந்த வேலையில் மிகக் குறைந்த செலவில் மிக அதிக ஆயுளைத் தருவது இதுதான் என்பது என் கணிப்பு. அறுத்த முனைகள் பக்கவாட்டுப் பரப்பைவிடப் பன்மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும் என்பதால், அறுத்த அன்றே மெழுகுக் குழம்பைப் பூசிவிடுங்கள்.

படி 5: மேல்பலகை

பலகைகளை நடக்கும் திசைக்குக் குறுக்காகப் போடுங்கள். நீளவாக்கில் போட்டால் சக்கரங்கள் இடைவெளிகளில் சிக்கும். உலர்ந்தபின் இடைவெளி 6 முதல் 10 மி.மீ. இருக்க வேண்டும், 13 மி.மீ. தாண்டினால் ஊன்றுகோலின் முனை இறங்கிவிடும். பச்சை மரமானால் 150 மி.மீ. அகலப் பலகை உலரும்போது 5 மி.மீ. அல்லது அதற்கு மேலும் சுருங்கக்கூடும் என்பதால், தொடக்கத்தில் 3 மி.மீ. விட்டால் போதும். துளையிட்ட பிறகே திருகாணியை இறக்குங்கள். தலை பலகைப் பரப்போடு சமமாக நிற்கட்டும், குழிந்தால் அங்கே நீர் தேங்கும். கண்ணுக்குத் தெரியாத மறைவுக் கொக்கிகள் அழகானவை. ஆனால் நடுவே ஒரு பலகையை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்போது அவற்றின் தொல்லை தெரிந்துவிடும்.

பிற்சேர்க்கை: துத்தநாகப் பூச்சிட்ட கோணத்தகடுகளில் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளைப் போட்டவர்கள், தகடு திருகாணியைச் சுற்றி வெளுத்து அரிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். ஈரத்தில் இரு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் துத்தநாகமே முதலில் கரையும். இரண்டையும் ஒரே வகையாக வையுங்கள். உப்பங்கழி அருகே இரண்டுமே 316 தரத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

படி 6: கட்டி முடித்ததன் மீதே நின்று கட்டுதல்

உண்மையில் இது முதல் நாளிலிருந்தே பின்பற்ற வேண்டிய ஒழுங்கு. முடிந்த கண்டத்தின் மீது பொருளைச் சுமந்து வந்து, அதன் நுனியில் நின்றே அடுத்த கண்டத்தை நீட்டுங்கள். இருபுறமும் ஆள் இறங்கி மிதித்தால், பாதை காக்க வேண்டிய செடிகளையே பாதை கட்டும் வேலை அழித்துவிடும். அறுக்கும் வேலையைச் சதுப்புக்கு வெளியே, தார்ப்பாய் விரித்துச் செய்யுங்கள். இற்றுப்போகாமலிருக்க மருந்திட்ட மரத்தின் தூள் நீரில் விழக்கூடாது. பறவைகள் கூடுகட்டும் பருவத்தில் வேலை வேண்டாம். வேறிடத்து விதைகள் வந்து சேராமலிருக்கக் காலணிகளையும் கருவிகளையும் கழுவிவிட்டே உள்ளே எடுத்துச் செல்லுங்கள்.

மருந்திட்ட மரம் பற்றி

குரோமியம், தாமிரம், ஆர்சனிக் கலந்த பழைய மருந்தை அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டு மரங்களிலிருந்து 2003 இறுதியோடு விலக்கிக்கொண்டார்கள். அதற்கு மாற்றாக வந்த தாமிர மருந்துகளில் ஆர்சனிக் இல்லை; ஆனால் தாமிரம் மீன்களுக்கும் தலைப்பிரட்டைகளுக்கும் ஆகாது, பூச்சில்லாத இரும்பையும் விரைவில் அரிக்கும். தேங்கிய நீரின் மேல் செல்லும் பகுதியில் மருந்திடாத வைரக்கட்டையையே நான் போடுவேன். மரத்தூளும் நெகிழியும் கலந்த செயற்கைப் பலகையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள்; வெயிலில் அதிகம் நீள்வதும், தேய்ந்த துகள் மண்ணில் சேர்வதும் எனக்கு ஒப்பவில்லை.

பராமரிப்பு

ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்தபின், கூரிய திருப்புளியால் தூண்களின் தரைமட்டப் பகுதியையும் சட்டங்களின் முனைகளையும் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அந்த உறுப்பை மாற்றுங்கள். விழுந்த இலைகளை இடைவெளிகளிலிருந்து கிளறி எடுங்கள், அவை ஈரத்தைப் பிடித்துவைக்கும். நிழலான பகுதியில் பாசி படர்ந்து வழுக்கும். கெட்டித் துடைப்பமும் வெறும் தண்ணீரும் போதும், வெளுப்புத்தூள் கீழே இருக்கும் நீருக்குக் கேடு. வழுக்கலைத் தடுக்கக் கோழிவலை அடிப்பதைப் பல இடங்களில் காண்கிறேன்; அறுந்த கம்பி காலைக் கிழிக்கும் என்பதால், மணல் பதித்த எபாக்சி (செயற்கைப் பிசின்) பட்டைகளைப் பலகைக்கு ஒன்றாகப் பதிப்பதே மேல்.