டிஸ்க் இல்லாத சர்வர்களுக்கு ஸ்டோரேஜ் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஸ்டோரேஜ் வாங்கலாம் என்று உட்கார்ந்தாலே "எத்தனை டெராபைட் வேண்டும்?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். எனக்கு அது பின்னால் வரும் கேள்வி. டிஸ்க் இல்லாததால் இந்த சர்வர்கள் நெட்வொர்க் வழியாகத்தான் பூட் ஆகும். கரண்ட் போய் வந்ததும் எல்லா நோடும் (அதாவது சர்வரும்) ஒரே நேரத்தில் பூட் ஆகுமே, அதைத் தாங்குமா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 64 நோடு, ஒவ்வொன்றும் 2 ஜிபி இமேஜை (ஓஎஸ் அடங்கிய ஃபைல்) ரேமில் இறக்குகிறது என்றால் மொத்தம் 128 ஜிபி. ஸ்டோரேஜிலிருந்து வரும் லிங்க் 1 கிகாபிட் என்றால் குறைந்தது 17 நிமிடம். 10 கிகாபிட் என்றால் இரண்டு நிமிடத்துக்குள் முடியும், அதுவும் லைன் முழுக்க நமக்கே கிடைத்தால். பெரிய இமேஜை டிஎஃப்டிபி என்ற எளிய ஃபைல் அனுப்பும் முறையில் இறக்காதீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பதில் வரும்வரை அது காத்துக்கொண்டிருக்கும். ஐபிஎக்ஸ்இ என்ற நெட்வொர்க் பூட் மென்பொருளைப் போட்டு எச்டிடிபிக்கு மாறிவிடுங்கள்.

அடுத்து, ரூட்டையும் (ஓஎஸ் இருக்கும் ஃபைல் சிஸ்டம்) டேட்டாவையும் பிரியுங்கள். எல்லா நோடுக்கும் ஒரே ஓஎஸ்தான் என்றால் படிக்க மட்டும் அனுமதிக்கும் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் பகிரும் முறை) ரூட், அதற்கு மேல் நோடு எழுதுவதை வாங்கிக்கொள்ள ரேமில் ஓவர்லே, அவ்வளவு போதும். இதற்கு விலை உயர்ந்த பெட்டி தேவையே இல்லை. லாக் மட்டும் வெளி சர்வருக்குப் போகட்டும், ரீபூட் ஆனால் ஓவர்லேயில் இருப்பது எல்லாம் போய்விடும்.

டேட்டாபேஸ் மாதிரி வேலைக்கு, ஸ்டோரேஜில் உள்ள டிஸ்க்கை நெட்வொர்க் வழியாகச் சொந்த டிஸ்க் போலக் காட்டும் ஐஸ்கசி அல்லது என்விஎம்இ ஓவர் டிசிபி. பின்னது சாதாரண ஈதர்நெட்டிலேயே ஓடும், தாமதமும் பொதுவாகக் குறைவு. ஆனால் அதிலிருந்தே பூட் செய்ய வேண்டுமானால் உங்கள் சர்வரின் ஃபர்ம்வேர் அதை ஆதரிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஐஸ்கசி பூட் பல வருடங்களாகப் புழக்கத்தில் இருப்பது. ஃபைபர் சேனல் (ஸ்டோரேஜுக்கென்றே தனி நெட்வொர்க்) சுவிட்ச் ஏற்கெனவே கையில் இருந்தால் ஒழிய, அதற்காகப் புதிதாகச் செலவு செய்யச் சொல்ல மாட்டேன்.

ஐஸ்கசியில் ஒரு விஷயத்தை மிகவும் கவனிக்க வேண்டும். ஒரே இமேஜிலிருந்து எழும் நோடுகள் எல்லாவற்றுக்கும் இனிஷியேட்டர் பெயரும் (ஸ்டோரேஜிடம் நோடு தன்னை அடையாளம் காட்டும் பெயர்) ஒன்றாகவே இருக்கும். அப்போது எந்த லன் (ஸ்டோரேஜ் பிரித்துத் தரும் டிஸ்க் பகுதி) யாருக்கு என்று ஸ்டோரேஜால் பிரித்துக் கொடுக்க முடியாது. இரண்டு நோடு ஒரே லன்னை எக்ஸ்டி4 (ஒரு நேரத்தில் ஒரு நோடுக்கான ஃபைல் சிஸ்டம்) ஆக மவுண்ட் செய்து எழுதினால் ஃபைல் சிஸ்டம் சிதைந்துவிடும். பூட் ஆகும்போதே நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியை வைத்துத் தனித்தனிப் பெயர் உருவாகும்படி ஸ்கிரிப்ட் எழுதுங்கள். ஸ்டோரேஜ் பக்கமும் அந்தப் பெயரை வைத்தே அனுமதி கொடுங்கள்.

டெமோவுக்குப் பெட்டி வந்ததும், ஸ்பெக் ஷீட்டில் இருக்கும் ஐஓபிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை முறை படிக்க, எழுத முடியும் என்ற எண்) நம்பி உட்காராதீர்கள். ஒரு நோடில் ஃபியோ என்ற டிஸ்க் சோதனைக் கருவியை ஓடவிட்டு, எழுதிக்கொண்டிருக்கும்போதே ஸ்டோரேஜ் பெட்டியின் ஒரு கன்ட்ரோலரின் கேபிளை உருவுங்கள். எழுதுவது எத்தனை நொடி நிற்கிறது, ரூட் ரீட்-ஒன்லி ஆகிவிடுகிறதா என்று பாருங்கள். லினக்ஸின் ஓப்பன்-ஐஸ்கசியில் ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட் (அறுந்த இணைப்பு திரும்ப வரக் காத்திருக்கும் நேரம்) வழக்கமாக 120 நொடி. மல்டிபாத் (ஸ்டோரேஜுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பாதை) இருந்தால் 5 நொடி அளவுக்கு இறக்கலாம், அடுத்த பாதை உடனே கைகொடுக்கும். ஒரே பாதையில் ரூட் இருந்தால் மாறாக அதை ஏற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவிட்ச் ரீபூட் ஆகும் நேரத்திலேயே நோடு ரூட்டை இழந்துவிடும். இந்தச் சோதனையை விற்பவர்கள் தங்கள் லேபில் செய்து காட்டினால் போதாது. உங்கள் ரேக்கில், உங்கள் சுவிட்ச்சில், உங்கள் கண்ணெதிரே செய்ய வேண்டும்.