பீகார் வரைபடம்: எல்லைக்கோட்டை விட்டுவிட்டு கங்கையிலிருந்து தொடங்குங்கள்

பீகாரை வரையச் சொன்னால் பலரும் முதலில் எல்லைக்கோட்டைத்தான் பிடிக்கிறார்கள். அதன் தெற்கு எல்லை 2000 நவம்பர் 15 அன்று ஜார்க்கண்ட் பிரிந்தபோது வந்தது. ஆறுகள் அப்படியல்ல, அந்தச் சமவெளியையே வண்டலாகக் கொண்டுவந்து பரப்பியவை அவை. ஆறுகளைச் சரியாக வரைந்துவிட்டால் ஊர், பயிர், மக்கள் நெருக்கம் எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்துவிடும். நான் இந்த வரிசையில்தான் வரைகிறேன்.

தேவையானவை: ஏ4 தாள், அளவுகோல், மென்மையான கரும்பென்சில், நீலப் பென்சில், நல்ல அழிப்பான், இரண்டு டிரேசிங் பேப்பர். ஆறுகளுக்கு மை பேனா வேண்டவே வேண்டாம். கணினியில் வரைபடம் வரைய கியூஜிஐஎஸ் இருக்கிறதே என்பீர்கள். அருமையான மென்பொருள்தான். ஆனால் கையால் ஒரு முறை வரைந்தவருக்குத்தான் அதில் எந்த அடுக்கை எதற்காகத் திறக்கிறோம் என்பது புரியும்.

படி 1: தாளை அகலவாக்கில் வைத்து 25 × 18 செ.மீ. கட்டம் போடுங்கள். ஒரு செ.மீ. என்பது 20 கி.மீ.

படி 2: நான்கு புள்ளிகள். கட்டத்தின் இடது ஓரத்திலிருந்தும் கீழ் ஓரத்திலிருந்தும் அளந்து வையுங்கள். பக்சர்: 3.3, 6.8. பாட்னா: 9, 7. முங்கேர்: 15.7, 5.8. பாகல்பூர்: 18.3, 5. நான்கையும் மேற்கிலிருந்து கிழக்காக நெளிவான கோட்டால் இணைத்தால் கங்கை. பாகல்பூரைத் தாண்டியும் கோட்டைக் கிழக்கே நீட்டிவிடுங்கள்.

படி 3: வடகரை ஆறுகள். காக்ரா, கண்டக், பூடி கண்டக், பாக்மதி, கமலா, கோசி, மகாநந்தா. கண்டக் வடமேற்கு மூலையில் வால்மீகிநகர் அருகே நுழைந்து, பாட்னாவுக்கு எதிர்க்கரையில் சோன்பூருக்கும் ஹாஜிப்பூருக்கும் நடுவே கங்கையில் சேர்கிறது. நிலம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிவதால் கோடுகளும் அப்படியே சாய வேண்டும். மகாநந்தா மட்டும் கிழக்கு ஓரமாக இறங்கி மேற்கு வங்கத்துக்குப் போய்விடும்.

கோசிக்கு ஒரே கோடு போதாது. இமயத்திலிருந்து அது கொண்டுவரும் மணலும் வண்டலும் தன் படுகையையே உயர்த்திவிடுவதால், ஆறு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு காலத்தில் பூர்ணியா பக்கம் ஓடிய ஆறு, சுமார் இரண்டு நூற்றாண்டுகளில் 100 கி.மீ.க்கு மேல் மேற்கே வந்துவிட்டது. 1950களில் இரு புறமும் கரை எழுப்பினார்கள். அந்தக் கரைகளுக்கு உள்ளே இன்றும் கிராமங்கள் இருக்கின்றன. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசஹாவில் கிழக்குக் கரை உடைந்தது. ஆறு தன் பழைய தடங்களில் புகுந்து சுபால், மதேபுரா, அராரியா மாவட்டங்களை மூழ்கடித்தது. ஆகவே இன்றைய கோசியை முழுக்கோடாகவும், அதற்குக் கிழக்கே பழைய தடங்களை விசிறிபோல் இடைவெளி விட்ட கோடுகளாகவும் போடுங்கள். அந்த இடைவெளிக் கோடுகள் இல்லாத வரைபடத்தை வைத்துக்கொண்டு 2008ஐ விளக்க முடியாது.

படி 4: தென்கரை ஆறுகள். பெரும்பாலான படங்கள் கெட்டுப்போவது இங்கேதான். தெற்கே மேட்டுநிலம், வடக்கே கங்கை, ஆகவே எல்லா ஆறும் நேராக வடக்கே ஓடிக் கலக்கும் என்று நினைத்துச் செங்குத்துக் கோடுகளாக இழுத்துவிடுகிறார்கள். மத்தியப் பிரதேசத்தின் அமர்கண்டக்கில் பிறக்கும் சோன் பெரிய ஆறு. பாட்னாவுக்கு மேற்கே மனேர் அருகே கங்கையைச் சேர்ந்துவிடுகிறது. சிறிய ஆறுகளுக்கு அந்த வலு இல்லை. கங்கை வெள்ளக் காலங்களில் படிய வைத்த வண்டல், தென்கரையில் இயற்கையான மேடாக நிற்கிறது. அதற்குப் பின்னால் உள்ள நிலம் தாழ்வு. புன்புன் அந்த மேட்டை ஒட்டிக் கிழக்கே நடந்து, பாட்னாவைத் தாண்டி ஃபதுஹாவில்தான் கலக்கிறது. கயாவின் ஃபல்குவோ கங்கையை நேராகத் தொடுவதே இல்லை. கிளைகளாகப் பிரிந்து மொகாமா தால் எனும் தாழ்நிலத்தை நோக்கிப் போகிறது. மழைக்காலத்தில் தால் ஏரியாகிவிடும். தண்ணீர் வடிந்ததும் அந்த ஈரத்திலேயே மைசூர்ப் பருப்பும் கடலையும் விதைக்கிறார்கள். கங்கைக்குத் தெற்கே, பாட்னாவுக்கும் மொகாமாவுக்கும் இடையே மெல்லிய மேட்டைப் பழுப்பிலும் அதன் பின்னே தாலை வெளிர்நீலத்திலும் தீட்டுங்கள். பாட்னா நகரம் ஏன் ஆற்றோரம் நீளவாக்கில் கிடக்கிறது என்பதற்கும் அந்தப் பழுப்புப் பட்டைதான் பதில்.

படி 5: மேடுகள். தென்மேற்கில் கைமூர் பீடபூமி, நடுவில் ராஜ்கீர், பராபர் குன்றுகள், முங்கேருக்குத் தெற்கே கரக்பூர் குன்றுகள், வடமேற்கு நுனியில் சோமேஷ்வர் மலை. இப்போது எல்லைக்கோட்டைப் போடலாம்.

படி 6: முதல் டிரேசிங் பேப்பரில் மக்கள். 2011 கணக்கெடுப்பில் 94,163 சதுர கி.மீ.யில் 10.41 கோடிப் பேர், சதுர கி.மீ.க்கு 1,106. கைமூர் மாவட்டத்தில் அது 488தான். வடக்கே ஷிவஹரில் 1,880. இந்த நெருக்கம் நகரங்களால் வந்ததன்று. நகரங்களில் வாழ்ந்தவர்கள் 11 சதவீதத்தைச் சற்றே தாண்டினார்கள். வண்டல் மண் இத்தனை பேருக்குச் சோறு போடுகிறது. வேலைக்கு அவர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும்கூட வர வேண்டியிருக்கிறது. உங்கள் தெருவில் கட்டட வேலை செய்யும் பீகார்த் தொழிலாளியிடம் எந்த மாவட்டம் என்று கேட்டுப் படத்தில் புள்ளி வையுங்கள். மனப்பாடத்தைவிட அது நன்றாக நிற்கும்.

படி 7: இரண்டாவது டிரேசிங் பேப்பரில் பயிரும் மொழியும். மேற்கே போஜ்புரி, தெற்கு நடுப்பகுதியில் மகஹி, வடகிழக்கில் மைதிலி, பாகல்பூர்ப் பக்கம் அங்கிகா. முசாபர்பூருக்கு லிச்சி, பாகல்பூருக்குப் பட்டு, சோன் கால்வாய் பாயும் ரோஹ்தாசுக்கு நெல், தர்பங்கா, மதுபனிக்கு மக்கானா. மக்கானா என்பது ஒரு நீர்ச்செடியின் விதை; அதைக் குளத்தின் அடிச்சேற்றில் மூழ்கித் திரட்டுகிறார்கள். கறுத்த விதையை இரும்புச் சட்டியில் வறுத்து, சூடு ஆறுவதற்குள் மரக்கட்டையால் தட்டினால் வெள்ளைப் பொரி வெடித்து வரும்.

பின்சேர்க்கை: தங்கள் அட்லஸில் பீகார் தெற்கே இரட்டிப்பாக நீள்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். அது 2000க்கு முந்தைய பதிப்பு. புதிய எல்லையோடு வந்த பதிப்பிலும் 37 மாவட்டங்கள் மட்டும் இருந்தால் அர்வல் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2001இல் உருவான அதைச் சேர்த்தால்தான் 38.

இன்னொன்று: காக்ராவும் சரயுவும் இரண்டு ஆறுகளா என்று ஒருவர் கேட்டிருந்தார். பீகாரில் நீங்கள் வரையும் பகுதிக்கு இரண்டு பெயரும் வழங்குகின்றன. ஒரே கோடு போதும். சாப்ராவுக்கு அருகே கங்கையில் சேருங்கள்.